அத்தியாயம் நான்கு: தென்னைமரத்தின் மேல் விழுந்த பழி

காணாமல் போன நகைக்காகத் துப்பறியும் ஸ்ரீரங்கனைத் தேடி வந்திருக்கிறார்கள். ஓடிப்போன மாப்பிள்ளைக்காக வந்திருக்கிறார்கள். ஒரு தென்னைமரத்துக்காக வந்தவர் சம்பந்தம் ஒருவர்தான்.

1973-ஆம் வருஷத்துப் பங்குனி, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. உதவியாளன் தனக்கோடி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் பத்து வருஷம் பம்பு ஓட்டிவிட்டுத் துப்பறிய வந்தவன் அவன். அந்த வேலையில் நாற்றம் இருந்தது, இந்த வேலையில் வேலையே இல்லை என்பது அவன் குறை.

"என் மரத்து மேல பழி வந்துடுச்சுங்க" என்றார் சம்பந்தம். கிழக்குத் தாம்பரத்தில் பரம்பரை நிலக்காரர். நிலமெல்லாம் வீட்டுமனையாகிப் போனபின் மிச்சம் இருந்தது ஒரு வீடும் நான்கு தென்னையும்.

"மரம் இன்னா பண்ணுச்சு? யார் தலையிலாவது காய் போட்டுடுச்சா?" என்றான் தனக்கோடி.

"அப்படிப் போட்டிருந்தாக்கூடப் பரவால்லப்பா. பக்கத்து வீட்டு தேவானந்தம் வாத்தியாரு, பதினெட்டு வருஷப் பழக்கம். வூட்லயே ரேடியோ நிலையம் வச்சிருக்காரு. பாட்டுப் போடறது இல்ல, ஆளுங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறது. அதுக்கு லைசென்சு வேணும், பரீட்சை எழுதணும். ரெண்டு வருஷம் தந்தி அடிக்கிற மாதிரி கட்டுக்கடான்னு தட்டித் தட்டிக் கத்துக்கிட்டு பாஸ் பண்ணாரு. போன மாசம்தான் லைசென்சு வந்துச்சு. கம்பி கட்ட என் மரத்தைக் கேட்டாரு, குடுத்தேன். இப்ப மூணு வாரமா கூப்பிடறாரு கூப்பிடறாரு, ஒரு ஆளும் பதில் சொல்லல. இன்னிக்குக் காலையில என்னைப் பார்த்து, 'சம்பந்தம், கம்பியில நீதான் என்னமோ பண்ணிட்டே'ன்னுட்டாரு."

"பண்ணினீர்களா?" என்றார் ஸ்ரீரங்கன்.

"ஐயா, எனக்கு ரேடியோவுல திருகத் தெரிஞ்சதே ஒரு திருகுதான்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு லெட்டர் எழுதி வச்சிருக்காரு. ஒண்ணு டில்லிக்கு, லைசென்சே வேணாம்னு. இன்னொண்ணு போலீசுக்கு, என் பேர்ல. நாலரை மணித் தபால்ல ரெண்டும் போவுதாம். போலீசு கெடக்குது. வாத்தியாரு என்கூடப் பேச மாட்டாரே, அதுக்கு என்ன பண்றது?"

ஸ்ரீரங்கன் எழுந்து சட்டையை மாட்டினார். தனக்கோடி ஈரத்துண்டைப் பிழிந்தான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் இருந்தபடி தனக்கோடி போகும் வண்டியின் பெட்டிகளை எண்ணினான். "சார், உங்களுக்கு ரேடியோவைப் பத்தி இன்னா தெரியும்?"

"காலையில் செய்தி வரும்."

"அவ்ளோதானா? எனக்கு அதுகூடத் தெரியாது. நல்ல ஜோடி."

"ரேடியோவை யாரும் கோபித்துக்கொண்டு கெடுப்பதில்லை, தனக்கோடி. ஆள்தான் கோபிப்பான். நாம் ஆளைப் பார்ப்போம்."

*

தேவானந்தம் வாத்தியார் கோபத்திலும் சட்டைக்கு மேல்பொத்தான் போட்டிருந்தார். மேஜைமேல் இரண்டு உறைகள், தபால்தலை ஒட்டித் தயாராக இருந்தன. பக்கத்தில் இரும்புப் பெட்டிக்குள் கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன.

"சம்பந்தம் அனுப்பின ஆட்களா? பரவாயில்லை, உட்காருங்க. உண்மையை யார் சொன்னாலும் கேட்டுக்குவேன்." மேஜையில் இருந்த காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "பனங்கற்கண்டு. தபீதாள் அம்மான்னு, எங்க சர்ச்சில் இருக்காங்க. மூணு வாரமா வாரம் ஒரு பொட்டலம் குடுத்து அனுப்பறாங்க, தொண்டைக்கு நல்லதுன்னு. என் தொண்டைக்கு ஒண்ணும் இல்லை."

தனக்கோடி கைநிறைய எடுத்துக்கொண்டான்.

"முதலில் இருந்து சொல்லுங்கள்" என்றார் ஸ்ரீரங்கன். "எனக்குப் புரிகிற மாதிரி."

வாத்தியார் வகுப்பெடுக்கும் குரலுக்கு வந்தார். "இது பேசற பெட்டி. இது கேட்கிற பெட்டி. கேட்கிற பெட்டிக்கு ஹால் கூரையில் தாமிர வலை இருக்கு, அதில் எல்லாரும் கணீர்னு கேட்கிறாங்க. பெங்களூர், மதுரை, சிலோன். பேசற பெட்டிக்குத் தனிக் கம்பி. ஜன்னல் வழியா வெளியே போய் சம்பந்தம் வீட்டுத் தென்னைமரத்தில் முடியுது. நான் 'சி.க்யூ., சி.க்யூ.'ன்னு கூப்பிடுவேன். பொது அழைப்பு, யார் வேணா பதில் சொல்லலாம்னு அர்த்தம். இங்கிலீஷில் என் லைசென்சு நம்பரோட சொல்லிட்டுத் தமிழிலும் சொல்வேன், 'யாராவது கேட்கிறீர்களா? கேட்டால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்'னு. ஒருத்தரும் சொல்றதில்லை. நான் ஓய்ஞ்சதும் அவங்களுக்குள்ள பேசிக்கறாங்க. கல்யாண வீட்டு வாசலில் நின்னு 'உள்ளே வரலாமா'ன்னு கேட்கிறவன் மாதிரி இருக்கேன்."

கடைசி வாக்கியத்தை அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பெட்டியில் கோளாறு இருக்கலாமே?"

"வால்வு மாத்திப் பார்த்தாச்சு. மைக் மாத்திப் பார்த்தாச்சு. நேரம் மாத்திக் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. இதோ பாருங்க." கம்பியில் ஒரு சின்ன டார்ச் பல்பு கோத்திருந்தது. அவர் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினார். பல்பு பளீரென்று எரிந்தது. "மின்சாரம் கம்பிக்குள் போகுதுன்னு இதுதான் சாட்சி. முதல் ரெண்டு நாள் மங்கலாத்தான் எரிஞ்சது. இப்போ எவ்வளவு பிரகாசம். பெட்டி முன்னைவிட நல்லா வேலை செய்யுது. கெட்டது வெளியே, அந்த மரத்தில்."

"சம்பந்தத்தின் மேல் ஏன் சந்தேகம்?"

"முதல் நாள், மூணு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், சண்டைக்கு வந்தான். அவன் ரேடியோவில் சினிமாப் பாட்டு நடுவில் என் குரல் வருதாம். 'உன் பொண்டாட்டிகூடப் பேசறதைவிட என் ரேடியோவுலதான் அதிகம் பேசற'ன்னான். மறுநாள் ஞாயிறு காலையில் நான் மறுபடி ரேடியோவில் கூப்பிட்டேன். வயிறு சரியில்லைன்னு வீட்டில் சொல்லிட்டுச் சர்ச்சுக்குக்கூட நான் போகலை. ஞாயிறு காலையில்தான் ரேடியோ ஆட்கள் நிறையப் பேர் கிடைப்பாங்க. அன்னிக்கு மத்தியானத்தில் இருந்து சம்பந்தம் வாயைத் திறக்கலை. ஏன்? காரியத்தை முடிச்சுட்டான்."

அப்போது வாத்தியாரின் மனைவி ரத்தினபாய் காப்பியோடு வந்தார். டம்ளர்களை வைத்துவிட்டு, போகாமல், ஜன்னல் பக்கமாகப் போய்த் திரையை இழுத்து ஒழுங்கு செய்துவிட்டு அங்கேயே நின்றார்.

"வெயில் வருது" என்றார், யாரும் கேட்காமலே.

ஸ்ரீரங்கன் காப்பியைக் குடித்தார். "தனக்கோடி, மரத்தைப் பார்த்துவிட்டு வா."

"பார்க்கறதுன்னா கீழ இருந்தா, மேல இருந்தா?"

"மேலே இருந்து."

"அதான பார்த்தேன்."

பத்து நிமிஷத்தில் தனக்கோடி திரும்பி வந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது. வாத்தியார் உள்ளே வேஷ்டி மாற்றப் போயிருந்தார், தபால் ஆபீசுக்குக் கிளம்ப. ஸ்ரீரங்கன் வாசலில் நின்றிருந்தார்.

"கம்பி கம்பியாட்டம் கீது சார். பீங்கான் குண்டு கீது, முடிச்சு கீது, ஒரு காக்கா கூடு கீது. அந்தக் காக்கா என்னை இன்னா திட்டு திட்டுச்சுன்னு எழுதினா தனி நாவல். மரம் நிரபராதி."

"அந்த பல்பு?"

தனக்கோடி வாயில் இருந்த கற்கண்டை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். "அதான் சார் எனக்கு உறுத்துது. கம்பெனில மோட்டார் போட்டா, தண்ணி முக்கால் பர்லாங்கு போயி தொட்டியில வுழணும். தண்ணி தூரமாப் போனா மோட்டார் முக்கும் முனகும். ஒரு நாளு மோட்டார் ஜாலியா ஓடிச்சுன்னா மேஸ்திரி ஓடியாருவான். கொழா பக்கத்துலயே உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். தண்ணி பூரா காலடியிலயே மண்ணுக்குப் போவுது. நமக்குப் பார்க்க ஜோரா இருக்கும், தொட்டிக்கு ஒரு சொட்டு போவாது. வாத்தியாரு பல்பும் இப்ப ஜாலியாத்தான் எரியுது."

ஸ்ரீரங்கன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமேல் உன்னை வாயை மூடச் சொல்லமாட்டேன். சம்பந்தம் ஏன் சண்டையை நிறுத்தினார்? மனசு மாறியா? அவர் ரேடியோவில் வாத்தியார் குரல் வருவது நின்றுபோனது, அதனால். சம்பந்தம் குற்றவாளி என்பதற்கு வாத்தியார் காட்டுகிற சாட்சிதான் அவர் குற்றவாளி இல்லை என்பதற்கும் சாட்சி. அந்த ஞாயிறு மத்தியானத்தில் இருந்து குரல் இந்த வீட்டைத் தாண்டவே இல்லை. குழாய் இங்கேதான் உடைந்திருக்கிறது."

"எங்க?"

"ஹாலில் நாலு ஜன்னல். மூன்றுக்குத் திரை கிடையாது. ஒன்றுக்கு மட்டும் புதுத் திரை, தையல் மடிப்புக்கூடக் கலையவில்லை. கம்பி வெளியே போகிற ஜன்னல் அது. அந்த அம்மா வெயில் வருகிறது என்றார்களே, அந்த ஜன்னல் எந்தத் திசை?"

தனக்கோடி வானத்தைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். "வடக்கு" என்றான் மெதுவாக.

*

சமையலறையில் ரத்தினபாய் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்றார் ஸ்ரீரங்கன்.

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. பேச்சு வெளியே கேட்கக்கூடாது என்பதற்காக இருக்கும். "இடி மின்னலுக்கு வச்ச ஸ்விட்ச். கைப்பிடி மேலே இருந்தா கம்பி பெட்டியோட சேர்ந்திருக்கும். கீழே தள்ளினா எல்லாம் மண்ணுக்குப் போயிடும். அவர்தான் மாட்டினார், எனக்கும் சொல்லிக்குடுத்தார். மூணு வாரமா கீழேதான் இருக்கு, நான்தான் தள்ளிவிட்டேன். மழைக்காலம் இல்லையே, அந்தப் பக்கமே அவர் போகலை. எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தார், தன் கையால மாட்டினதை மட்டும் சந்தேகப்படலை."

"ஏம்மா?" என்றான் தனக்கோடி. "பாவம், மனுசன் தொண்டை கிழியக் கத்திக்கினு கீறாரு."

ரத்தினபாய் முந்தானையால் கையைத் துடைத்தார்.

"அந்த ஞாயிறு இவர் வயித்து வலின்னு படுத்துட்டார். நான் மட்டும் ஆராதனைக்குப் போனேன். சர்ச்சுல புதுசா மைக் செட்டு போட்டிருக்காங்க. லெந்து நாட்கள், நோன்புக் காலம் ஆச்சே, பாஸ்டர் எல்லாரையும் மண்டியிட்டு மௌனமா ஜெபிக்கச் சொன்னார். ஊசி விழுந்தா கேட்கும். அப்போ அந்த மைக் செட்டுல இருந்து முதல்ல இங்கிலீஷ்ல ஏதோ கரகரப்பா வந்துச்சு, அப்புறம் கணீர்னு ஒரு குரல். 'யாராவது கேட்கிறீர்களா? கேட்டால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.'"

தனக்கோடிக்குக் கற்கண்டு புரையேறியது.

"சிரிக்காதீங்க தம்பி. எனக்கு உசிரே போயிட்டது. இவர் குரல் எனக்குத் தெரியாதா? முந்தின நாள் சம்பந்தம் அண்ணன் ரேடியோவுல நுழைஞ்ச மாதிரி இதுலயும் நுழைஞ்சிருக்கு. பாஸ்டர் பேந்தப் பேந்த முழிக்கிறார். யாரும் தலையைத் தூக்கலை. அப்போ பெண்கள் பக்கத்துல இருந்து தபீதாள் அக்கா எழுந்து நின்னு, 'கேட்குது'ன்னாங்க. சத்தமா, தெளிவா."

"அந்தக் கற்கண்டு அம்மா."

"ஆமாம். அவங்க வீட்டுக்காரர் ஞானையா, ரயில்வே கார்டு. போன ஐப்பசியில் தவறிட்டார். அன்னியில் இருந்து அக்கா யாரோடயும் ஒரு வார்த்தை பேசினதில்லை. சாப்பாடு குடுத்தா சாப்பிடுவாங்க, இல்லைன்னா இல்லை. அந்த ஞாயிறு எழுந்து நின்னு வாய் திறந்தவங்கதான். இப்போ மார்க்கெட்டுக்குப் போறாங்க, வத்தல் போடறாங்க, என்னை வம்புக்கு இழுக்கிறாங்க. சர்ச்சுல எல்லாரும் அது ஆண்டவர் குரல்னு நம்பறாங்க. அக்காவும் நம்பறாங்க. இவர் மறுபடி பேசினா என்ன ஆகும்? மைக் செட்டுல 'தாம்பரத்தில் இருந்து தேவானந்தம்'னு வரும். இவர்கிட்ட சொன்னா இன்னும் மோசம். நாளைக்கே சபை முன்னாடி எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்பார், அவர் சுபாவம் அது. அக்கா மறுபடி வாயை மூடிட்டா அந்தப் பாவம் யாருக்கு?" அவர் குரல் இறங்கியது. "சம்பந்தம் அண்ணனைச் சந்தேகப்படுவார்னு நான் நினைக்கவே இல்லை. அந்த லெட்டரைப் பார்த்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கலை."

கூடத்தில் கடிகாரம் நாலு அடித்தது.

ஸ்ரீரங்கன் வாசலுக்கு வந்து நின்றார். அவர் விரலால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் வழி தெரியவில்லை என்று அர்த்தம். துடைத்துக்கொண்டே இருந்தார். "உண்மையைச் சொன்னால் தபீதாள் அம்மா மறுபடி வாயை மூடிவிடுவார். சொல்லாவிட்டால் லைசென்சும் போகும், சம்பந்தமும் போவார். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம், தனக்கோடி."

தனக்கோடி கையில் இருந்த கடைசிக் கற்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், வாத்தியாருக்கு அன்னிக்கு இன்னா நோவுன்னு வூட்டம்மா சர்ச்சுல சொல்லியிருப்பாங்க?"

"வயிறு."

"வயித்து நோவுக்கு எவனாவது தொண்டை மருந்து அனுப்புவானா?"

ஸ்ரீரங்கன் கண்ணாடியை மாட்டினார். பிறகு லாம்ப்ரெட்டாவை உதைத்தார்.

*

தபீதாள் அம்மாள் சர்ச்சுக்குப் பின்தெருவில், வாசலில் காய்ந்த வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் ஆணியில் ஒரு பச்சைக் கொடி சுருட்டித் தொங்கியது.

"கற்கண்டு நல்லா இருந்துச்சும்மா" என்றான் தனக்கோடி.

"உனக்கா அனுப்பினேன்? வாத்தியாருக்கு அனுப்பினா வழியில நீ தின்னியா?"

"தொண்டைக்கு நல்லதுன்னாரு."

"தொண்டைக்குத்தான். மூணு வாரமா சத்தத்தையே காணோமே, கட்டிக்கிச்சு போலன்னு நினைச்சேன்."

ஸ்ரீரங்கன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "அது வாத்தியார் குரல் என்று உங்களுக்குத் தெரியுமா, அம்மா?"

"ஏன், தெரியக்கூடாதா? பதினஞ்சு வருஷம் சர்ச்சுல பைபிள் வாசிச்ச குரல். அதோட முதல்ல இங்கிலீஷ்ல நம்பர் எல்லாம் சொன்னாரே. ஆண்டவர் எதுக்கு நம்பர் சொல்லப்போறார்?" வத்தலில் இருந்த எறும்பை ஊதித் தள்ளினார். "ரத்தினபாய் நான் நம்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டு என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்க்கிறா. சொல்லிடலாம்னு பார்த்தேன். பாவம், அவளுக்கு மனசு கஷ்டமாயிடும்."

"பிறகு ஏன் எழுந்து நின்றீர்கள்?"

அவர் அடுத்த வரிசை வத்தலைத் திருப்பிப் போட்டார்.

"நாலஞ்சு மாசமா எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. வந்து உட்கார்ந்து சொல்லிட்டு, காப்பி குடிச்சிட்டுப் போனாங்க. யாரும் என்கிட்ட எதையும் கேட்கலை. அந்த மனுஷன் ஒருத்தர்தான் கேட்டார். கேட்குதா, பதில் சொல்லுங்கன்னு கெஞ்சிக் கேட்டார். நான் முப்பது வருஷம் கார்டு பொண்டாட்டி. டிரைவர் விசில் ஊதினா பின்னாடி இருந்து பச்சைக் கொடி காட்டணும், அப்போதான் வண்டி நகரும். இந்த மனுஷன் ஊதறார், யாரும் கொடி காட்டலை. சும்மா உட்கார்ந்திருக்க முடியலை."

"இப்ப அந்த வண்டி நின்னே போச்சும்மா" என்றான் தனக்கோடி. கிண்டல் இல்லாமல் அவன் பேசி ஸ்ரீரங்கன் கேட்டது அதுதான் முதல் தடவை. "இன்னும் கொஞ்ச நேரத்துல தபால்ல போட்ருவாரு."

தபீதாள் அம்மாள் செருப்பைத் தேடினார்.

*

நாலு இருபதுக்கு, உறைகளோடு படி இறங்கிய தேவானந்தம் வாத்தியாரின் எதிரே தபீதாள் அம்மாள் வந்து நின்றார்.

"சார், பதில் சொன்னவளை இப்படி மறந்துடலாமா? அந்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உங்க குரல் கேட்டுது. கேட்குதுன்னு எழுந்து நின்னு சொன்னேன். அப்புறம் சத்தமே இல்லை."

வாத்தியாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபோது முகம் சிவந்து, பிறகு வெளுத்து, "சர்ச்சுலயா? மைக் செட்டுலயா?" என்றார். "ஐயோ, மௌன ஜெபத்துலயா?"

வாசலுக்கு வந்த ரத்தினபாய் தபீதாள் அம்மாளின் முகத்தையே பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும்டி. நீ பயப்படறியேன்னுதான் சும்மா இருந்தேன்."

ரத்தினபாய் உள்ளே போய்த் திரையை விலக்கினார். கைப்பிடி கீழே இருந்தது. எல்லாரும் பார்க்க அதை மேலே தூக்கிவிட்டார். வாத்தியார் அந்தக் கைப்பிடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கோபப்பட வாயைத் திறந்தவர், கையில் இருந்த போலீஸ் கடிதத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நாலாகக் கிழித்தார். மற்றதை எட்டாக.

"ஞாயித்துக்கெழம ஆராதனை முடியற வரைக்கும் மட்டும் கைப்பிடி கீழ இருக்கட்டும் வாத்தியாரே" என்றான் தனக்கோடி. "ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு ஜனங்க எப்படி பதில் சொல்லும்?"

பெட்டியின் முன்னால் உட்கார்ந்து வாத்தியார் பொத்தானை அழுத்தினார். பல்பு மங்கலாக, முக்கி முனகிக்கொண்டு எரிந்தது. "சி.க்யூ., சி.க்யூ., தாம்பரத்தில் இருந்து தேவானந்தம்" என்றார். "யாராவது கேட்கிறீர்களா?"

முதல் பதில் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்தது. "யோவ் வாத்தியாரே, வருதுய்யா. பாட்டு நடுவுல வருது. காது கிழியுது." சம்பந்தத்தின் குரலில் இருந்த சந்தோஷத்தைப் பாட்டு ரசிகர் யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள்.

தேவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையில் இருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். உறை மடங்காத புது நோட்டு. "யார் பதில் சொன்னாலும் இதில் எழுதணும், அது சட்டம்" என்று ஸ்ரீரங்கனிடம் சொல்லிவிட்டு, முதல் வரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டார். நேரம் ஏழே முக்கால். பதில் தந்தவர்: தபீதாள். ஒலி: தெளிவு.

"அவ்வளவு அழகா எதுக்கு எழுதறீங்க" என்றார் தபீதாள் அம்மாள், எட்டிப் பார்த்து.

அப்போது கேட்கிற பெட்டி கரகரத்தது. எங்கோ தூரத்தில் இருந்து, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஒரு குரல், தாம்பரம், தாம்பரம் என்றது. வாத்தியார் பேனாவோடு அப்படியே உறைந்துபோனார். மூன்று வாரம் காத்திருந்த மனிதருக்கு, வந்தபோது கை ஓடவில்லை.

தபீதாள் அம்மாள் அவர் தோளைத் தட்டினார்.

"சார், விசில் கேட்குது. கொடி காட்டுங்க."